ராட்டைக்கு எதிரே ஒரு புத்தகம்

என் மேசையில் ஒரு புத்தகம் இருக்கிறது. அட்டை எப்போதோ போயிற்று. முதல் சில பக்கங்களும் இல்லை. முதுகைச் சணல் நூலால் நானே தைத்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள், பழைய பேப்பர்காரனுக்குப் போடாமல் இதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். நான் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுவேன். பிள்ளைகள் விரல் வைத்துப் படித்த எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், விரல் பட்ட கறுப்பு வரிக்கு அடியில்தான் இருக்கும். இந்தப் புத்தகத்தில் வரிக்கு அடியிலும் கறுப்பு உண்டு, வரியின் தலைக்கு மேலேயும் உண்டு. மேலே இருப்பதுதான் முதலில் விழுந்தது. அது விழுந்த கதையைச் சொன்னால் என் வீட்டுக்காரியைப் பற்றிச் சொன்னதாகிவிடும். என்னைப் பற்றியும் கொஞ்சம் சொன்னதாகிவிடும். என்னைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

நான் செட்டியார்பட்டிப் பக்கம் ஆடு மேய்த்தவன். பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு மழைக்காலம் போனேன், ஆடுகளை வெளியே ஓட்ட முடியாத நாட்களில். மழை நின்றது, படிப்பும் நின்றது. பிறகு இராஜபாளையத்தில் மில் வந்தபோது பஞ்சு உதறும் கூடத்தில் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்றார்கள். விளக்குமாற்றோடு உள்ளே போனேன். ஆறே வருடத்தில் ஜாபர் ஆனேன். ஜாபர் என்றால் ஒரு ஷிப்டு ஆட்களை மேய்க்கிறவன். ஆடு மேய்த்தவனுக்கு அது பெரிய வித்தையா? நூலை விரலால் ஒரு தடவு தடவி அது எத்தனாம் நம்பர் என்று சொல்லிவிடுவேன்; மேலாளர் எடை போட்டுப் பார்த்தால் நான் சொன்னதுதான் வரும். இன்றைக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் இருபது தறிக்குச் சொந்தக்காரன். அன்றைக்கு ஒரு எழுத்துத் தெரியாது. கட்டைவிரலை மையில் தோய்த்தே அத்தனை படியும் ஏறினேன். அதில் எனக்கு அப்போது வெட்கமே இல்லை, பெருமைதான். எழுத்துத் தெரிந்தவனெல்லாம் என் கையின் கீழ் வேலை செய்கிறானே என்ற பெருமை.

என் வீட்டுக்காரி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். நாங்கள் இரண்டு பேர் வீடும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அவளை எட்டு வயதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் போர்டிங் பள்ளி ஒன்றில் சேர்த்திருக்கிறார்கள். நாலாம் வகுப்பு முடிந்ததும், தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்று அவள் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். கல்யாணமாகி வந்தபோது அவள் தகரப் பெட்டியில் நாலு சேலையும் இந்தப் புத்தகமும் இருந்தன. போர்டிங்கை விட்டு வந்த அன்று ஒரு டீச்சர் கொடுத்தாராம். அந்தப் பள்ளியைப் பற்றி அவள் அதிகம் பேசமாட்டாள். ஒரே ஒரு தடவை சொன்னாள். "கோயில் உபதேசியார் வீட்டுப் புள்ளைகள்லாம் வரும்போதே எழுத்துக்கூட்டத் தெரிஞ்சுதான் வரும். வீட்டுல ஆத்தாளும் அப்பனும் வாசிக்கதக் கேட்டே வளந்ததுக. நான் எட்டு வயசுலதான் எழுத்த மொத மொதப் பாத்தேன். அது என்னப் பாத்துச் சிரிச்சுது." சொல்லிவிட்டு ராட்டையைச் சுற்றத் தொடங்கினாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூத்தவள் பிறந்து ஏழாம் மாதம், குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிற பருவம். ஒருநாள் மில்லிலிருந்து வருகிறேன், தலையெல்லாம் பஞ்சு. இவள் புத்தகத்தை விரித்து வைத்து அந்தப் பச்சைப் பிள்ளைக்குச் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளை புத்தகத்தின் மூலையைப் பிடித்து இழுத்துச் சப்புகிறது. அடுத்த வீட்டில் தெலுங்கு பேசுகிற அக்கா ஒருத்தி இருந்தாள். வாய்க்குப் பூட்டே கிடையாது. நிலைப்படியில் நின்று, "ஏமம்மா, பல்லு மொளைக்காத புள்ளைக்குப் பாடமா? இன்னும் செத்த நேரம் போனா பரிச்சையும் வச்சிருவியா?" என்றாள். நான் அவளோடு சேர்ந்து சிரித்தேன். என் வீட்டுக்காரி நிமிரவில்லை. "அது சப்பட்டும் அக்கா. ருசி தெரிஞ்சாப் பொறவு விடாது" என்றாள்.

எங்கள் வீடு மில்லுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. ஒரே அறை. வெளிச்சம் வாசல் வழியாக மட்டும்தான் வரும். அந்த வெளிச்சத்தில் அவள் ராட்டை கிடக்கும். பக்கத்துத் தறிக்காரர் ஒருவருக்கு அவள் நூல் சுற்றிக் கொடுத்தாள். அன்றன்றைக்கு வந்த நூலை அன்றன்றைக்கே சுற்றி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் தறி நின்றுவிடும். அதனால் வாசிப்பதற்கென்று ராட்டையை நிறுத்திவிட்டு உட்கார முடியாது. அவள் ஓர் உபாயம் செய்தாள். ஓலைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து ராட்டைக்கு எதிரே வைத்து, அதன்மேல் புத்தகத்தைத் தன்னைப் பார்க்க விரித்து வைத்தாள். வலது கை சக்கரத்தில், இடது கை நூலில், கண் புத்தகத்தில். அவளுக்கு ஒருபுறம் சுவர். மறுபுறம் ராட்டையின் கதிர், ஊசி மாதிரி கூராகச் சுற்றிக்கொண்டிருக்கும். பிள்ளை அருகே போனால் கண்ணைக் குத்திவிடும். ஆகவே பிள்ளைக்கு இடம் எதிர்ப்பக்கம், பெட்டிக்கு அந்தப் புறம். அம்மா முகத்தைப் பார்த்தபடி உட்காரும். கை ஓயாத அம்மாவுக்குப் பதிலாகப் பக்கம் புரட்டுவது பிள்ளையின் வேலை. வரியில் விரல் வைத்து நகர்த்துவதும் பிள்ளையின் வேலை. பிள்ளையின் விரல் எந்தச் சொல்லில் நிற்கிறதோ அந்தச் சொல்லைத்தான் அம்மா வாசிப்பாள்.

வேறு புத்தகம் வாங்க வழியில்லை. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது, காகிதத்துக்கே பஞ்சம். இதே புத்தகம்தான், அதிலும் ஒரு எருமைக் கதைதான் திரும்பத் திரும்ப. எருமை குளத்தில் இறங்கிவிட்டது. வா என்றார் அப்பா. எருமை வரவில்லை. வா என்றாள் அம்மா. எருமை வரவில்லை. தலையாரி வந்து கயிறு போட்டு இழுக்கிறார், எருமை வரவில்லை. கடைசியில் எல்லாரும் சலித்துப்போய் வீட்டுக்குப் போகிறார்கள். யாரும் கூப்பிடாதபோது எருமை தானே கரையேறி வருகிறது. இவ்வளவுதான் கதை. என் வீட்டுக்காரி இதை வாசிக்கும்போது வரியின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்திவிடுவாள். "எருமை..." என்று சொல்லிப் பிள்ளையைப் பார்ப்பாள். சக்கரம் மட்டும் சுற்றும். "வல்ல!" என்று கத்தும் அது. பேசக் கற்றதே அந்தச் சொல்லில்தான் என்று நினைக்கிறேன். பிறகு கடைசி இரண்டு சொல்லை விடுவாள், பிறகு பாதி வரியை. இப்படி விட்டு விட்டு, நாலரை வயதில் முழு வரியும் பிள்ளையின் வாயில் வந்து நின்றது. எருமைக் கதை மனப்பாடம் என்று யாரும் சொல்லக்கூடாதென்று, மளிகைக்கடைப் பொட்டலத்துக் காகிதம், சபையில் கொடுக்கும் துண்டுத்தாள், எது கிடைத்தாலும் அந்தப் பெட்டிமேல் ஏறும். "எழுதப் பள்ளிக்கூடம் சொல்லிக் குடுக்கும். வாசிக்கது வீட்டுல வரணும்" என்பாள்.

நான் சாயங்காலம் வந்து, பிள்ளைக்குப் பின்னால் பாயைப் போட்டு ஒருக்களித்துப் படுப்பேன். மில் இரைச்சலில் காது அடைத்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கிடப்பதாகத்தான் பேர். நீங்களும் வந்து பிள்ளையோடு செத்த நேரம் உட்காருங்களேன் என்று அவள் கூப்பிடுவாள். அந்தப் பொட்டப்பிள்ளைப் பாடத்தை நான் எதற்குக் கேட்கிறேன் என்று திரும்பிப் படுப்பேன். உடனே மூத்தவள், "எருமை வரவில்லை!" என்பாள். தாயும் மகளும் சிரிப்பார்கள். ஆனாலும் திரும்பிப் படுத்தவன் கொஞ்ச நேரத்தில் மறுபடி இந்தப் பக்கம் திரும்புவேன். அரைக்கண்ணைத் திறந்தால் பிள்ளையின் தோளுக்கு மேல் புத்தகம் தெரியும், அந்தச் சின்ன விரல் போவது தெரியும். பிள்ளை விரலை வேகமாக ஓட்டினால் என் வீட்டுக்காரி, "ஏட்டி, மெதுவாப் போ, பின்னால ஆள் வருதுல்ல" என்பாள். விரலுக்குப் பின்னால் வாசித்து வருகிற தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் எனக்கு ஓர் ஆசை வந்தது. மூன்று நான்கு வருடமாகக் கேட்கிறோமே, நமக்கும் ஏதாவது ஒட்டியிருக்குமா என்று. யாரும் இல்லாத நேரம் பார்த்து மில் வாசலில் நோட்டீஸ் பலகைமுன் போய் நின்றேன். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு வலி. அதற்கு மேல் ஒரு திருப்தி. பார்த்தாயா, வெறுமனே காதில் வாசித்தால் ஒன்றும் வராது, எனக்கே வரவில்லை, பிள்ளைக்கு எங்கே வரப்போகிறது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த முடிவோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் வாயை விட்டேன். ஆராதனை முடிந்து, மூத்தவளை எப்போது பள்ளிக்கு அனுப்புகிறீர்கள் என்று போதகர் கேட்டார். நாலு பேர் நின்றிருந்தார்கள். நாலு பேர் நின்றால் எனக்குக் குரல் தானே ஏறும். "எழுத்தா ஐயா நூல் நூக்குது? ஒரு எழுத்துத் தெரியாம நான் ஜாபர் ஆகல? பொட்டப்புள்ளைக்கு ஆறு வயசாகப் போகுது. இன்னொரு ராட்டை வாங்கிப் போட்டா ஆத்தாளும் மகளுமாச் சுத்துவாக" என்றேன். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். என் வீட்டுக்காரி பெண்கள் பக்கம் நின்றவள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். சபைக்கு முன் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"அப்ப ஐயா முன்னாடியே ஒரு பேச்சு வச்சிக்கிடுவோம். நான் படிச்ச பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரம்மா முன்னால அவ ஒரு பக்கம் வாசிச்சுட்டா, அவளே போதும்னு சொல்ற வரைக்கும் படிப்பா. நீங்க குறுக்க பேசக்கூடாது. வாசிக்கலைன்னா நாளைக்கே ரெண்டாவது ராட்டைய வாங்கிட்டு வாங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"சரிட்டி. ஆம்பள பேச்சு" என்றேன் நான். போதகர் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "சாட்சி நான்" என்றார்.

அடுத்த வாரம் ரயிலேறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். மூத்தவளுக்கு எண்ணெய் வழிய வாரி, மடித்துத் தைத்த பாவாடை கட்டியிருந்தது. ரயிலில் அவள் ஒரு பெரியவர் மடியில் விரித்திருந்த பேப்பரை எதிர் ஆசனத்திலிருந்து பார்த்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அதை நான் கவனித்தேன். அதன் பொருள் எனக்கு அப்போது தெரியவில்லை. பள்ளி வாசலில் என் வீட்டுக்காரி, தான் தூக்கி வைத்திருந்த, இரண்டாவதாகப் பிறந்த கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பெரிய டீச்சரம்மா அகல மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேலை, வெள்ளைத் தலை. பழைய மாணவி என்று தெரிந்ததும் ஒரு சிரிப்பு, அதோடு சரி. ஒரு புதுப் புத்தகத்தை எடுத்து விரித்துப் பிள்ளை பக்கமாகத் திருப்பி வைத்து, "வாசிம்மா" என்றார். பிள்ளை புத்தகத்தைப் பார்த்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தது. டீச்சரம்மா அதை நேராக வைத்தார். பிள்ளை மறுபடி திருப்பியது. டீச்சரம்மா நிமிர்ந்து என் வீட்டுக்காரியைப் பார்த்தார். "என்னம்மா, பிள்ளைக்குப் புத்தகத்தைப் பிடிக்கவே தெரியலையே? வாசிப்பான்னு சொன்னே?"

"வாசிப்பா டீச்சர்" என்றாள் இவள். நான் ஜெயித்துவிட்டேன் என்று தெரிந்தது. சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. பிள்ளையின் உச்சிக் குடுமியில் வைத்த கனகாம்பரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லி டீச்சரம்மா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். இழுத்தவர் உடனே மூடவில்லை. பக்கத்தில் எதையோ தேடினார். புத்தகம் இப்போது அவரைப் பார்த்து இருந்தது, எங்களுக்குத் தலைகீழாக. மூத்தவள் மேசை விளிம்பைப் பிடித்து எம்பினாள், எட்டி விரலை வைத்தாள், வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். எழுத்துக்கூட்டக்கூட இல்லை. வீட்டில் எருமைக் கதையை வாசிக்கும் அதே ராகம். "காட்டில் பஞ்சு வெடித்தது. பெண்கள் பஞ்சு எடுத்தார்கள். மூட்டைகள் வண்டியில் ஏறின. வண்டிகள்..." அங்கே ஒரு நீளமான சொல். பிள்ளை நின்றுவிட்டது. விரல் அந்தச் சொல்லின் மேலேயே நிற்கிறது. டீச்சரம்மா அந்த விரலையே பார்க்கிறார்.

"ஏட்டி, தூத்துக்குடிக்கு, தூத்துக்குடிக்கு!"

சொன்னது நான். என் வாய் சொல்லிவிட்டது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், கையிலிருந்த குழந்தை உட்பட. டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "பஞ்சுன்னா தூத்துக்குடின்னு ஊகிச்சிருப்பீங்க. எங்கே, அடுத்த வரியை நீங்க வாசிங்க." எனக்குக் காது சுட்டது. ஆனால் எழுத்துகள் அங்கே இருந்தன. நோட்டீஸ் பலகையில் எறும்பாக ஓடியவை, இந்த மேசையில், எதிர்ப்பக்கத்தில், தெரிந்த முகங்களாக வரிசையில் நின்றன. "அங்... கே... கப்பல்... காத்திருக்கிறது" என்றேன். மனிதனுக்கு எத்தனையோ சந்தோஷம் வரும். முதல் தறி ஓடிய நாளும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கப்பல் காத்திருந்த மாதிரி எதுவும் எனக்காகக் காத்திருந்ததில்லை.

டீச்சரம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு அமைதியாகிவிட்டது. "அப்பாவுக்கும் தலைகீழாத்தானா?" என்றார். பிறகுதான் என் வீட்டுக்காரி ராட்டையையும் ஓலைப்பெட்டியையும் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே விளங்கியது. பிள்ளை புத்தகத்தைத் தனியே எடுத்து எதிரே உட்கார்ந்து வாசித்த நாட்களில்கூட, அது தலைகீழாகப் பிடித்திருந்ததால்தான் எதிரே இருந்த அம்மாவுக்கு எழுத்து நேராகத் தெரிந்திருக்கிறது. அவள் சந்தேகப்பட வழியே இல்லை. டீச்சரம்மா முகம் கொஞ்சம் இறங்கியது. "பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுது, அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்படியே வகுப்பில் உட்கார வைச்சா மத்த பிள்ளைகள் சிரிக்கும், இது வாயை மூடிக்கும். தை பிறந்ததும் கூட்டிட்டு வாங்க. நேராக வாசிச்சா உடனே சேர்த்துக்கிறேன்."

ரயில் வரும் வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் தொண்டையைச் செருமினேன். "நம்ம பேச்சுப்படி பாத்தா..." என்று இழுத்தேன். "வாசிச்சுட்டா. பேச்சு அம்புட்டுத்தான். நேரா வாசிக்கணும்னு அன்னைக்கு நீங்க சொல்லல" என்றாள். ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு, "நான் வாசிச்சது ஒனக்கு ஆச்சரியமா இல்லையா?" என்று கேட்டேன். அவள் கைக்குழந்தைக்கு வெயில் படாமல் தலைப்பை இழுத்துவிட்டாள். "பின்னால ஆள் வருது, பின்னால ஆள் வருதுன்னு எத்தன நாள் சொல்லியிருப்பேன்" என்றாள்.

மறுநாளே புத்தகம் திசை திரும்பிவிட்டது. ஓலைப்பெட்டிமேல், பிள்ளைக்கு நேராக. இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டியவள் அவள். நாலாம் வகுப்புப் படித்தவள் முதல் வரியிலேயே தடுக்கினாள். பிள்ளைக்கு நேர் எழுத்துப் புதிது, அதுவும் தடுக்கியது. வீட்டில் படித்த ஆள் என்று ஒருத்தி இருந்தாள், அன்று அவளுக்கும் படிப்பு இல்லாமல் போயிற்று. மூன்று நாள் முயன்று பார்த்தாள். நூல் இரண்டு தடவை அறுந்தது. நாலாம் நாள் ராட்டையை விட்டு எழுந்து, என் பாய்க்கு முன்னால் வந்து நின்றாள்.

"எந்திரிங்க. தலைகீழா வாசிக்க இந்த வீட்டுல ஒரு ஆளுதான் இருக்கு. நீங்க ராட்டைக்கு வாங்க. நான் புள்ள பக்கம் போறேன்."

ஷிப்டு முழுக்க என் குரலுக்கு நடுங்கும். அந்த ஜாபர், வாசலில் நாலு பேர் பார்க்க, பெண்கள் சுற்றும் ராட்டைமுன் உட்கார்ந்து, வலது கையில் சக்கரம், இடது கையில் நூல், வாயில் எருமைக் கதை. தெலுங்குக்கார அக்கா ஓடி வந்தாள். "ஏமி அண்ணாச்சி, மில்ல மூடிட்டாகளா?" என்றாள். முதல் நாள் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டாம் நாள் நானே பதில் சொன்னேன்: "மூடல. இது புது டிப்பார்ட்மெண்ட்." நூல் என் கையில் ஒரு தடவைகூட அறுந்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் வாசிப்பேன்; கடைசிச் சொல்லை விடுவேன்; எதிரே மூத்தவளும் அவள் தோளோடு தோளாக அவள் அம்மாவும் நேர் எழுத்தைப் பார்ப்பார்கள்; பிள்ளையின் விரல் இப்போது வரிக்கு அடியில் நகரும். பழக்கம் விடாமல் சில நாள் விரல் மேலே ஏறும். அம்மா அதைப் பிடித்துக் கீழே வைப்பாள். அடைமழையிலும் விடவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசித்தேன். பத்து நாளில் அக்காவின் மகனும் வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டான். பொட்டலக் காகிதத்தை அவனே கொண்டுவருவான்.

தை பிறந்து போனோம். டீச்சரம்மா புத்தகத்தை நேராக வைத்தார். மூத்தவள் ஒரு பக்கம் வாசித்தாள், நிறுத்தச் சொல்லும்வரை அடுத்த பக்கமும் வாசித்தாள். அவளே போதும் என்று சொல்லும்வரை படிப்பாள் என்பது பேச்சு. படித்தாள், படிப்பித்தாள், தலை நரைத்தும் மேசையில் புத்தகம் இல்லாமல் அவளைப் பார்த்ததில்லை. இன்னும் போதும் என்று சொல்லவில்லை. நானும் குறுக்கே பேசவில்லை. அவளுக்குப் பின் வந்த நாலு பிள்ளைகளுக்கும் அந்தப் பெட்டியில் நான்தான் வாசித்தேன். வரிக்கு அடியில் இருக்கும் கறுப்பு அவர்களுடையது.

நேர் எழுத்தை நான் பிறகு மெல்லப் பழகிக்கொண்டேன். இதோ, இதை என் கையால்தான் எழுதுகிறேன். ஆனால் இன்றும் வேகம் தலைகீழில்தான். அது எனக்குக் குறை என்று நினைக்காதீர்கள். தறி போட்ட காலத்தில் எத்தனையோ அதிகாரிகளின் மேசைக்கு எதிரே நின்றிருக்கிறேன். அவர்கள் சொல்லும் முன்பே அவர்கள் முன்னால் இருக்கும் கடிதத்தை வாசித்து முடித்திருப்பேன். படிப்பில்லாத ஆள் எப்படி எல்லாவற்றையும் முன்கூட்டித் தெரிந்துகொள்கிறான் என்று ஊரில் பேச்சு. சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போதுதான் வெளியே சொல்கிறேன்.

இப்போது பிள்ளை பெற்றவர்கள் என்னிடம் வந்து, மூன்று வயதாகிறது, எந்தப் பள்ளியில் போடலாம் என்று கேட்கிறார்கள். வீட்டில் யார் வாசிக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். விழிப்பார்கள். நேரமில்லை என்பார்கள். ராட்டையை நிறுத்தாமல் வாசித்த ஒருத்தியோடு குடும்பம் நடத்தியவன் நான். என்னிடம் அந்தச் சாக்கு செல்லாது. படிக்கத் தெரியாது என்று சிலர் தலைகுனிவார்கள். அவர்களிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வேன்: பிள்ளையோடு போய் உட்காரு, கடைசிச் சொல்லை அது சொல்லும், நீயும் கேட்டுக்கொள்.

என் வீட்டுக்காரிக்குப் பார்வை போய் மூன்று வருடமாகிறது. மதுரையில் காட்டினோம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும், "பெட்டிய எடுத்துப் போடுங்க" என்றாள். அந்த ஓலைப்பெட்டி இப்போது எங்கே இருக்கிறது? ஒரு முக்காலியைப் போட்டேன். தினமும் சாயங்காலம் அவளுக்கு எதிரே உட்கார்ந்து வாசிக்கிறேன். பேப்பர், வேதப்புத்தகம், மகள் எழுதும் கடிதம், எதுவானாலும் அவளைப் பார்த்து நேராகத்தான் விரித்து வைப்பேன். பார்வை இல்லாதவளுக்கு எதற்கு நேராக வைக்கிறீர்கள் என்று பேரன் கேட்டான். கேட்கிறவர் பக்கம்தான் புத்தகம் இருக்க வேண்டும் என்றேன்.

நேற்று மேசையிலிருந்து இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். பக்கம் புரளும் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையை நீட்டித் தடவி, வரியின் மேல் விரலை வைத்தாள். தலைக்கு மேல் கறுப்பு இருக்கும் இடத்தில். நான் எதிரே இருந்து ஆரம்பித்தேன். வா என்றார் அப்பா. எருமை வரவில்லை. வா என்றாள் அம்மா. எருமை... என்று நிறுத்தினேன்.

அவள் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன்.

"அந்த எரும கரையேறி நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு" என்றாள். "மேல வாசிங்க."